‘போட்ட பிறகு’ வேறு, ‘போட்டதால்’ வேறு: செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளில் ஆசிரியர்களாக இருக்கிறவர்களுக்கும், ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து ஃபிளாஷ் நியூஸ் அடிக்கிற தம்பி தங்கைகளுக்கும், யூடியூபுக்குத் தலைப்பும் தம்ப்நெயிலும் செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் விசாரித்தால் ‘ஊசி போடுற நர்சம்மா’ என்று சொல்வார்கள். ஒரு துணை சுகாதார நிலையம், அதைச் சுற்றி ஆறேழு குக்கிராமம், தோளில் வேக்சின் கேரியர் என்கிற தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி, கையில் கர்ப்பிணிகள் பதிவேடு, இதுதான் என் வேலையாக இருந்தது. உங்கள் சேனல்களை நான் என் வீட்டில் பார்த்ததைவிட, வீடு வீடாகப் போகும்போது அடுத்தவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்ததுதான் அதிகம். அதனால் நீங்கள் ஒரு வரி போட்டால் அது வீட்டுக்குள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன மாதம் என் பேத்திக்கு ஒன்பது மாதம் முடிந்தது. தட்டம்மை ரூபெல்லா ஊசியின் முதல் தவணை போட வேண்டும். என் மகள் இன்ஜினியரிங் படித்தவள், என் வேலையைப் பார்த்தே வளர்ந்தவள், சின்ன வயதில் எனக்குப் பஞ்சு உருட்டிக் கொடுத்தவள். அவளே போனை நீட்டி, “அம்மா, இதை மட்டும் பார்த்துட்டுச் சொல்லு, அப்புறம் போகலாம்” என்றாள். ஒரு செய்திச் சேனல் 2017-இல் ஏற்றிய வீடியோ அது. முகப்பில் மூக்கில் குழாய் வைத்த ஒரு குழந்தை, பக்கத்தில் பெரிய ஊசி, மஞ்சள் எழுத்தில் ‘தடுப்பூசி போட்ட குழந்தைக்கு நேர்ந்தது என்ன?’ என்று ஒரு கேள்வி. உள்ளே போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட பிறகு இரண்டு பிள்ளைகள் மயங்கியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பெற்றோர்கள் பயந்து போயிருக்கிறார்கள். அத்தோடு முடிந்தது. அந்தப் பிள்ளைகள் எப்போது வீட்டுக்குப் போனார்கள், டாக்டர் என்ன சொன்னார், ஒன்றும் கிடையாது. முகப்பில் இருந்த அந்தக் கைக்குழந்தை வீடியோவில் எந்த இடத்திலும் வரவே இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கேள்வி பதில் இல்லாமல் அங்கேயே நிற்கிறது, இன்றைக்கும் ஒரு தாய் தேடினால் முதலில் வந்து விழுகிறது.

நான் கோபப்படவில்லை, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னேன். ஆனால் ஒரு ஊசி போடும் நர்சின் வீட்டுக்குள்ளேயே இந்தக் கேள்வி வந்துவிட்டதே, அம்மா நர்சாக இல்லாத வீட்டில் யார் உட்கார்ந்து பதில் சொல்வது என்ற நினைப்பு அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

2017 பிப்ரவரியை உங்களில் சிலர் மறந்திருக்கலாம். நாங்கள் மறக்கவில்லை. தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு என்று முதல் கட்டமாக ஐந்து இடங்களில் தட்டம்மை ரூபெல்லா முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்டவர் வரை எல்லோருக்கும் ஒரு ஊசி. நம் மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கோடிப் பிள்ளைகள். தட்டம்மை ஊசி ஒன்றும் புதிதில்லை, 1985-இலிருந்தே அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இருக்கிறது. அதோடு ரூபெல்லாவைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். ரூபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும், ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இருக்கிற தாய்க்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண்ணில் புரை விழும், காது கேட்காது, இதயத்தில் ஓட்டை இருக்கும். அப்படிப் பிறந்த ஒரு பெண் பிள்ளையை நான் என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு வயதுகூட ஆகவில்லை, இரண்டு கண்ணிலும் பாப்பாவில் பால் ஊற்றினது மாதிரி வெள்ளை. தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. அந்தத் தாய் மறுபடி மறுபடி கூப்பிட்டுக் காட்டினாள் எனக்கு. ஒரு ஊசியில் தடுத்திருக்கலாம் என்று அப்போது அவளிடம் சொல்லி என்ன பிரயோசனம்?

சரி, முகாமுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஊசி போடுகிற நாளில் வந்தது பதினொரு பேர். மற்றவர்களை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியர் பாவம், முன்தினம் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் கேட்கவில்லை. வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாய், “நர்சம்மா, இதக் கேளுங்க, நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று போனை என் காதில் வைத்தாள். வாட்ஸப்பில் வந்த ஒரு குரல். தடுமாற்றம் இல்லாத, படித்தவர் பேசுகிற மாதிரியான குரல். இந்த ஊசி வெளிநாட்டுக்காரன் நம் பிள்ளைகளை வைத்துச் செய்கிற பரிசோதனை, போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது, தயவுசெய்து எல்லோருக்கும் அனுப்புங்கள் என்றது. பேர் இல்லை, ஊர் இல்லை. நான் அந்தத் தாய்க்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன், இந்த ஊசி புனேயில் தயாராவது, என் மகளுக்கும் தட்டம்மை ஊசி போட்டுத்தான் வளர்த்தேன் என்று. அவள் முகம் கொஞ்சம் இளகியது. நாளைக்கு அனுப்புகிறேன் என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வேறொரு ஊர்ப் பள்ளியில் ஒரு மாணவி ஊசி போட்டதும் மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை, வரிசையில் முன்னால் நின்றவள் அழுததைப் பார்த்தே வெளிறிப் போயிருந்தாள் என்று அங்கே இருந்த சிஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், குளுக்கோஸ் தண்ணீர் குடித்தாள், அரைமணி நேரத்தில் தோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். ஊசியைப் பார்த்து மயங்குவது வளரிளம் பிள்ளைகளிடம் சர்வ சாதாரணம், ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவரும் விழுவார். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு உங்களில் ஒரு சேனலில் சிவப்புப் பட்டையில் ஓடியது: ‘தடுப்பூசி போட்ட மாணவி மயக்கம்: பெற்றோர் அதிர்ச்சி’. மறுநாள் அந்தத் தாய் பிள்ளையை அனுப்பவில்லை. போய்க் கேட்டேன். “வாட்ஸப்புல வந்தது பொய்யாவே இருக்கட்டும் நர்சம்மா, டிவியிலேயே போட்டுட்டாங்களே” என்றாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். வதந்தியை நீங்கள் கிளப்பவில்லை. ஆனால் வாட்ஸப்பில் வந்ததை ஜனங்கள் அரை நம்பிக்கையோடுதான் வைத்திருக்கிறார்கள், அதன்மேல் முத்திரை குத்துவது உங்கள் திரைதான். அந்த ஒரு வரியில் பொய் எதுவும் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைக்கு ஊசி போட்டது உண்மை, மயங்கியதும் உண்மை. இரண்டையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் படிக்கிறவர் மனசு தானாக ஒரு ‘அதனால்’ போட்டுக்கொள்கிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் விழுந்த பழத்தைக் காட்டிக் காகத்தை மட்டும் குளோசப்பில் வைத்தால் யாராக இருந்தாலும் காகத்தின் மேல்தான் பழி போடுவார்கள். ‘போட்ட பிறகு’ என்பதற்கும் ‘போட்டதால்’ என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் எங்கள் வேலை முழுக்க. உங்கள் தலைப்பு அந்தத் தூரத்தை ஒரு நொடியில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

அந்த முகாம் பிப்ரவரி கடைசியில் முடிந்திருக்க வேண்டியது. போதுமான பிள்ளைகள் வராததால் மார்ச்சுக்கும் நீட்டினார்கள். அந்த நாட்களில் நானும் என் கூட வேலை பார்த்தவர்களும் ஒரே வீட்டுக்கு நாலு முறை, அஞ்சு முறை போனோம்.

இப்படிச் சொல்வதால் தடுப்பூசியைப் பற்றி நல்லதை மட்டும் போடுங்கள், கெட்டதை மறையுங்கள் என்று கேட்பதாக நினைக்க வேண்டாம். அப்படிக் கேட்க எனக்கு வாய் வராது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. அந்தச் செய்தி வந்த நாளில் நான் கேரியரைத் திறக்கவே கை நடுங்கினேன். அதற்குப் பிறகு ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கும்போதுதான் போட வேண்டும் என்று ஆக்கினார்கள். நல்லதுக்குத்தான் செய்தார்கள், ஆனால் பஸ் இல்லாத ஊர்த் தாய்மார்கள் கூலி வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வரவில்லை. பயம் ஒரு பக்கம், தூரம் ஒரு பக்கம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் பாருங்கள், முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் ஏறத்தாழ 81 விழுக்காடு, 2015-16இல் 70க்கு இறங்கிவிட்டது. தடுப்பூசியில் முன்னால் நின்ற மாநிலம். மறுபடி 89க்கு ஏறியது 2019-21 கணக்கில்தான். ஆகவே பயப்படுகிற தாயை நான் அறிவில்லாதவள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் பயத்துக்குப் பின்னால் நான்கு சின்னப் பிணங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று நடந்தால் நீங்கள் விடாமல் தோண்ட வேண்டும், மருந்துக் குப்பியில் தப்பா, கலக்கிய நீரில் தப்பா, குளிர்ப்பெட்டியில் தப்பா, எங்களில் யாராவது தப்பு செய்தோமா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை பின்னாலேயே நிற்க வேண்டும். என் மனத்தாங்கல் முழுக்க அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது.

உங்கள் தொழிலில் அப்படி நின்றவர் ஒருவர் உண்டு. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற லண்டன் டாக்டர், வெறும் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார். பத்திரிகைகள் அதை வருடக்கணக்கில் தூக்கிப் பிடித்தன, அங்கே ஊசி போடுவது சரிந்தது. அதன் உள்குத்தை, யார் பணம் கொடுத்தார்கள் என்பது முதற்கொண்டு, 2004-இலிருந்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தவர் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர். கட்டுரையை இதழ் 2010-இல்தான் திரும்பப் பெற்றது, அதே வருடம் அந்த டாக்டரின் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். பன்னிரண்டு வருடம்! அதற்கு ஏழு வருடம் கழித்து எங்கள் ஊரில் ஒரு அப்பா என்னிடம், “இது போட்டா ஆட்டிசம் வருமாமே, நிஜமா சிஸ்டர்?” என்று கேட்கிறார். லண்டனில் செத்துப்போன பொய் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உயிரோடு நடக்கிறது. டீர் எழுதியது ஏன் அவர் வரைக்கும் வரவில்லை?

அடுத்தது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2021 ஏப்ரல் 15, வியாழக்கிழமை. நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் போட்டால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்றுதான் அங்கே போனேன் என்று பேசினார். நான் அந்தப் பேச்சைப் போனில் சேமித்து வைத்து வீடு வீடாகப் போட்டுக் காட்டினேன். மறுநாள் அவருக்கு மாரடைப்பு, சனிக்கிழமை விடிகாலையில் இறந்துவிட்டார். இதயத்துக்குப் போகிற முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு, இதற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் அப்போதைய சுகாதாரச் செயலர் ராதாகிருஷ்ணனும் வெள்ளிக்கிழமையே சொன்னார்கள். நீங்களும் அதை ஒளிபரப்பினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அவர் சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக்கொள்கிற காட்சியையும் இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி வாசலையும் மாற்றி மாற்றி ஓடவிட்டீர்கள். காது கேட்டது டாக்டர் பேசியதை, கண் பார்த்தது ஊசியை. கண்தான் ஜெயித்தது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டிருந்தோம். டீக்கடை டிவி முன்னால் கூட்டம், கூடத்துக்குள் யாருமில்லை. மத்தியானம் வரை உட்கார்ந்திருந்து, இரண்டு பேருக்கு மேல் வராததால், திறந்தால் மிச்ச மருந்து வீணாகுமே என்று குப்பியைத் திறக்கவே யோசனையாக இருந்தது. எனக்குச் சித்தப்பா முறையாகிற ஒரு பெரியவர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறவர், முந்தின நாள் வரைக்கும் வருகிறேன் என்று சொன்னவர், “விவேக்கே போயிட்டாரு தாயி, நான் எம்மாத்திரம்” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மே மாதக் கடைசியில் அவருக்குத் தொற்று வந்தது. ஆக்சிஜன் படுக்கை கிடைக்கவே ஒரு நாள் ஆயிற்று. ஏழாவது நாள் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார்கள், முகம்கூடப் பார்க்க முடியவில்லை. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். காரணம் தெரியாமல் காரணம் சொல்லக் கூடாது என்று உங்களிடம் கேட்டுக்கொண்டு நானே அதைச் செய்யக் கூடாது. அவர் போட்டுக்கொள்ள வராததற்குக் காரணம் மட்டும் எனக்குத் தெரியும், என் காது கேட்க அவரே சொன்னது.

விவேக் இறப்பை மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்து, மாரடைப்பும் ஊசியும் ஒரே சமயத்தில் நேர்ந்தது தற்செயல், ஊசி காரணமில்லை என்று சொன்னது அக்டோபரில். ஆறு மாதம் கழித்து. நான் அன்றைக்கு வேண்டுமென்றே நாலைந்து சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கீழே ஓடுகிற வரியில் வந்தது, ஒரு சேனலில் தலைப்புச் செய்திகளில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்தது. ஏப்ரலில் மூன்று நாள் முழுக்க ஓடிய விஷயத்துக்கு அக்டோபரில் ஒரு விவாதம்கூட இல்லை, திரையைப் பிரிக்கவில்லை, டீக்கடையில் யாரும் நின்று பார்க்கவில்லை. நல்ல மனுஷர், ஊருக்கெல்லாம் மரம் நட்டவர், ஜனங்கள் பயப்படக் கூடாது என்று போய்ப் போட்டுக்கொண்டவர். அவர் பெயரே பயத்துக்குச் சாட்சியாகிப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவருக்கு நீங்கள் ஒரு முழு மணி நேரம் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டாம் அலையில் பக்கத்து வீட்டுச் சாவைப் பார்த்தவர்கள் ஜூனில் டோக்கனுக்காக விடிகாலையிலேயே செருப்பை வரிசையில் வைத்துவிட்டு நின்றார்கள். 2021 செப்டம்பர் 12 மெகா முகாமில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் போட்டோம். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து விரலை மடக்க முடியாமல் மகள்தான் சோறு ஊட்டிவிட்டாள். அந்த முகாமுக்கு உங்கள் சேனல்கள் காலையிலிருந்து நேரலை கொடுத்தன, எந்த ஊரில் எங்கே போடுகிறார்கள் என்று ஓடவிட்டன, ஜனம் வந்தது. நீங்கள் நினைத்தால் முடியும் என்பதை நானே கண்ணால் பார்த்தேன், அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் நிருபர் முதலில் வருவது எங்களிடம்தான், நாங்களோ பேசக் கூடாது, மேலிடத்தைக் கேளுங்கள் என்று சொல்லியாக வேண்டும். மேலிடத்துப் போன் அந்த நேரம் பார்த்து அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு அறிக்கை வரும்: ‘பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை, வதந்திகளை நம்ப வேண்டாம்’. இந்த வரியைப் படித்து யாருக்காவது அச்சம் போயிருக்கிறதா? என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லாமல் பயப்படாதே என்று மட்டும் சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும். பிள்ளைக்கு, ஐந்து நோய்களைத் தடுக்கிற பென்டா ஊசி போட்ட பிறகு நான் ஒரு தாய்க்குச் சொல்வது இப்படி: “இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பிள்ளை சிணுங்கும், போட்ட இடம் கொஞ்சம் வீங்கும். இந்தச் சொட்டு மருந்தை இத்தனை சொட்டுக் கொடு, ஈரத்துணி வை, ரெண்டு நாள்ல சரியாயிடும். மூச்சு வாங்கினாலோ, விடாம அழுதாலோ, வலிப்பு மாதிரி வந்தாலோ மணி பார்க்காத, எனக்குப் போன் போடு, 108-க்குப் போடு.” வரப்போவதை முன்னாடியே சொல்லிவிட்டால், ராத்திரி காய்ச்சல் வந்ததும் அவள் பயப்படுவதில்லை, நர்சம்மா சொன்ன மாதிரியே வந்திருக்கு என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த தவணைக்குக் கூப்பிடாமலே வருவாள்.

அம்மையையும் அப்படித்தான் பேச வேண்டியிருக்கும். பிள்ளைக்கு உடம்பெல்லாம் தட்டம்மை போட்டிருக்கும், வாசலில் வேப்பிலை கட்டி, மாரியாத்தா வந்திருக்கா, ஊசி மருந்து எதுவும் ஆகாது என்பார்கள். நான் வேப்பிலையைக் கழற்றச் சொன்னதே இல்லை. செருப்பைத் தெருவிலேயே விட்டு, கைகால் கழுவி உள்ளே போய், ஆத்தா இருக்கட்டும், பிள்ளைக்குக் கண் பார்வை போகாமல் இருக்க இந்த வைட்டமின் ஏ சொட்டு மட்டும் கொடுக்கிறேன் என்று கேட்டால் பாட்டியே பிள்ளையின் வாயைத் திறந்து பிடிப்பாள். இதையெல்லாம் உங்கள் கேமராவுக்கு முன்னால் சொல்ல எங்களில் நூறு பேர் இருக்கிறோம். துறை எங்களைப் பேசவிட வேண்டும், அது அவர்கள் பங்கு.

இன்னொன்றும் இருக்கிறது, இது செய்திப் பிரிவு இல்லை என்று நீங்கள் தட்டிக்கழிப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன். காலையிலும் நள்ளிரவிலும் ஓடுகிற அரைமணி நேர வைத்திய நிகழ்ச்சிகள். ஒரு மண்டலம் சாப்பிட்டால் சர்க்கரை வேரோடு போகும், இன்சுலினைத் தூக்கி எறியலாம், இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் சந்திக்கலாம். சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நிகழ்ச்சிக்கு முன்னால் ‘இது விளம்பரதாரர் நிகழ்ச்சி, சேனல் பொறுப்பல்ல’ என்று ஒரு அட்டை நாலு விநாடி வருகிறது. என் பகுதியில் ஒரு அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவர் அந்த அட்டையைப் பார்க்கவில்லை, பக்கத்து மூலையில் இருந்த உங்கள் சேனல் முத்திரையைத்தான் பார்த்தார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற மாத்திரையை வாங்கி வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவைத்திருந்தார். நான் பார்க்கும்போது வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அரசுச் சித்த மருத்துவர்களோடு சேர்ந்து வேலை பார்த்தவள் நான். அவர்கள் யாரும் இன்சுலினைத் தூக்கி எறி என்று சொன்னதில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஊசி, மருந்து, பிரசவம் சம்பந்தப்பட்ட ஒரு ஃபிளாஷை ஓடவிடுவதற்கு முன்னால் அந்த வட்டார மருத்துவ அலுவலருக்கோ மாவட்டச் சுகாதாரத் துணை இயக்குநருக்கோ ஒரு போன் போடுங்கள், எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள், அப்போதாவது எடுக்கப் பழகுவார்கள். பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். ‘மாணவி மயக்கம்’ என்று போடுகிற இடத்தில் ‘மயங்கிய மாணவி நலம்’ என்று போட எழுத்து ஒன்றும் அதிகமாகிவிடாது. ஒரு பக்கம் குழந்தை மருத்துவர், மறுபக்கம் தடுப்பூசியே வேண்டாம் என்று பயிற்சி முகாம் நடத்திக் காசு வாங்குகிறவர் என்று சமமாக நாற்காலி போட்டு உட்கார வைக்காதீர்கள், பார்க்கிறவருக்கு அது ஐம்பதுக்கு ஐம்பது என்று தோன்றிவிடும். விசாரணை முடிவு வரும்போது, முதல் நாள் எத்தனை நிமிடம் கொடுத்தீர்களோ அதில் பாதியாவது கொடுங்கள். அப்புறம் யூடியூபில் கிடக்கிற அந்தப் பழைய வீடியோக்கள். கேள்விக்குறி போட்ட தடுப்பூசி வீடியோக்களை ஒரு ஆள் ஒரு வாரம் உட்கார்ந்தால் தேடி எடுத்துவிடலாம். அழிக்க மனமில்லை என்றால் வேண்டாம், தலைப்பில் அந்தப் பதிலைச் சேருங்கள். கேட்டவர்கள் நீங்கள், பதிலையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

என் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அடுத்த புதன்கிழமை பேத்தியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் என் பழைய நிலையத்துக்கே போனோம். இப்போது அங்கே இருக்கிற சின்னப் பெண் குப்பியைக் கலக்கி, மூடியில் மணியை எழுதினாள், நாலு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. பேத்தி வீறிட்டு அழுதாள், ஐந்து நிமிடத்தில் என் வளையலை இழுத்து விளையாடத் தொடங்கிவிட்டாள்.

ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் தாய்மார்களை அங்கேயே உட்காரச் சொல்வோம், பிள்ளைக்கு ஏதும் ஆகிறதா என்று பார்க்க. அந்த அரைமணி நேரத்தில்தான் அவர்கள் மனசில் இருக்கிற எல்லாக் கேள்வியும் வெளியே வரும், கேட்டது, பார்த்தது, மாமியார் சொன்னது எல்லாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு நிலையம் இருக்கும், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தால் போதும். செவிலியரிடம் கேட்டுவிட்டு அந்த வேப்பமரத்தடி பெஞ்சில் அவர்களோடு உட்காருங்கள். கேமராவை முதலில் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்